ஈலாமியர் பெயரில் ஒரு பொன்னாடை

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த குளிர் நாட்டில், சென்ட் லோரன்ட் மண்டபத்தில் 2007 பொங்கல் விழா. மேடைக்குப் பின்னால் என் புருஷன் பேரின்பநாதன் கட்டிய பதாகை: ‘ஈலாமியரும் தமிழரே!’ ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் ஈரான் பக்கம் ராச்சியம் ஆண்ட சனமாம். இணையத்தில் எங்கோ வாசித்துவிட்டு இரண்டு மாதமாக அதே புராணம். சோறு போட்டாலும் ஈலாம், தேத்தண்ணி கொடுத்தாலும் ஈலாம். எனக்குக் காது புளித்துவிட்டது.

பேச வந்தவள் கயல். சென்னைப் பிள்ளை, இங்கே பல்கலைக்கழகத்தில் அந்த ஈலாமியரின் மொழியைத்தான் ஆராய்கிறாள். “கட்டாயம் வாரும் பிள்ளை” என்று போனில் கெஞ்சிக் கூப்பிட்டது நான்தான். வந்தவுடன் போர்த்த வேண்டிய பொன்னாடையை இவர் போர்த்தவில்லை.

“பேசி முடியட்டும். பதாகைக்குக் கீழ வச்சுப் போர்த்திப் படம் எடுப்பம்.”

மேடையேறி மைக்கைப் பிடித்த கயல் பதாகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“மன்னிச்சுக்கோங்க. அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லைங்க. திராவிட மொழிகளோட உறவு இருக்கலாம்னு சிலர் சொன்னாங்க, பெரும்பாலானவங்க ஏத்துக்கல. களிமண் பலகையில அவங்க எழுதி வச்சதே இன்னும் பல இடத்துல நமக்குச் சரியாப் புரியல. முதல்ல அதைப் படிப்போம். அதுவரைக்கும் அவங்களை அவங்களாவே விட்டுடலாமே.”

இவர் மேடையேறி மைக்கை வாங்கினார்.

“தங்கச்சி இன்னும் கொஞ்சம் படிக்கவேணும் போல.”

சொல்லிவிட்டு, பொன்னாடையை மைக் செட் போட்ட தியாகலிங்கத்தின் தோளில் போர்த்தினார். அந்த மனிசன் திருதிருவென்று முழித்தது. சனம் விழுந்து விழுந்து சிரித்துக் கைதட்டியது. முன்வரிசையில் இருந்த நானும் தட்டினேன்.

கயல் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள். ஒரு வடைகூடத் தின்னவில்லை. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. தியாகலிங்கத்தின் தோளிலிருந்து பொன்னாடையை உருவிக்கொண்டு, கோட்டை மாட்டியும் மாட்டாமலும் பனிக்குள் ஓடினேன்.

பஸ் தரிப்பில் நின்றாள்.

“பிள்ளை, இது உமக்கு எடுத்தது. அவர் ஒரு விசரன். மனசில வச்சிருக்காதையும்.”

அவள் கை நீட்டவில்லை.

“அவர் நம்பினதை அவர் சொன்னார், விடுங்க. நீங்க ஏன்க்கா கை தட்டினீங்க?”

கை தன்பாட்டில் தட்டிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் பொய். தட்டாமல் இருந்தால் பேரின்பநாதனின் மனிசியைப் பற்றிச் சனம் என்ன கதைக்கும் என்று யோசித்துத்தான் தட்டினேன். சீ, நானும் ஒரு மனிசியா! பஸ் வந்தது. அவள் ஏறிப் போனாள்.

பொன்னாடையைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு திரும்பினேன். இவர் பதாகைக்குக் கீழே சிரித்தபடி நின்றார்.

“எங்கையப்பா பொன்னாடை? படம் எடுக்கவேணும்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எடுத்துக் கொடுத்தேன்.