தொட்டியில் காற்று

பிணவறையில் கொடுத்த பிளாஸ்டிக் பையின் முடிச்சை நகத்தால் நெருடி அவிழ்த்தாள். உள்ளே, கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு தாக்கி இறந்த கணவரின் வேலைச் சட்டை. அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது.

கூடத்தில் துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவள் அண்ணன் பேசிக்கொண்டிருந்தான். கழிவுநீர் நிலையத்தில் அவன்தான் மேற்பார்வை. அவள் கணவருக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான்.

“தொட்டியில காத்து ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. மாப்பிள்ளை எதுக்கு உள்ள இறங்கினாருன்னே தெரியல. முகமூடி போடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாத்தானே!”

அவள் சட்டையை மறுபடி முகர்ந்தாள். இத்தனை வருஷமாக அதைத் துவைத்தவள் அவள். கழிவுநீரில் தங்கும் சேற்றுக்குள் ஓயாமல் காற்றை ஊதுவதுதான் அவர் வேலை. “கிருமிக்குக் காத்து குடுத்தாப் போதும், அழுக்கைத் தின்னுடும். தீனி தீர்ந்ததும் ஒன்னையொன்னு தின்னுடும், சொந்தக்காரங்க மாதிரி,” என்று சிரிப்பார். “காத்தை நிறுத்திப் பாரு, ஊரே நாறும்.” காற்று ஓடும் நாள்களில் சட்டையில் ஈரமண் வாசம்தான் வரும்.

போன வாரம்தான் இந்த நாற்றம் ஆரம்பித்தது. கேட்டதற்கு, “கரண்ட்டை மிச்சம் பண்ணி மேலிடத்துல நல்ல பேர் வாங்கணுமாம். உங்கண்ணன் மோட்டாரை நிறுத்தச் சொல்லிட்டாரு. குழாயெல்லாம் அடைச்சுக்குது, நான்தான் இறங்கிக் குத்தணும். விடு, நம்ம மச்சான்தானே,” என்றார்.

நம்ம மச்சானாம்! செத்தவர் வந்து மறுத்துப் பேசமாட்டார் என்ற தைரியத்தில், கூடப் பிறந்தவன் வாய் கூசாமல் பழியைத் தூக்கி அவர் தலையில் போடுகிறான்.

சட்டையோடு கூடத்துக்கு வந்தாள்.

“அண்ணே, காத்து ஓடுச்சா?”

“ஓடுச்சும்மா. உன் மேல சத்தியம்.” எழுந்து அவள் தலையில் கை வைத்தான்.

அவள் அந்தக் கையை எடுத்து விட்டாள். அவன் உட்கார்ந்ததும் சட்டையை அவன் மடியில் விரித்தாள். ஜன்னல்களைச் சாத்தினாள். மின்விசிறியை நிறுத்தினாள்.

“என்னம்மா இது, மூச்சு முட்டுது,” என்றார் ஒரு பெரியவர். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வாசலுக்குப் போனார்கள்.

அண்ணன் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் கை மூக்கைப் பொத்த எழுந்து பாதியில் நின்றது.