மயிலாள் வயலின் சேறு

“ஏப்பா, நீ எறங்குனா மட்டும் ரோடு ஏன் சேறாயிருது?” என்று அபிராமி தன் ஐந்தாவது வயதில் கேட்டாள். அவர்கள் குடியிருந்தது திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில். அவளுடைய அப்பா ஜெயபாண்டி, ஊர் ஊராகப் போய் நெல் அறுக்கும் மிஷினின் டிரைவர். அவர் தார்ச்சாலையில் கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போனார். சிமெண்ட் தரையிலும் கருங்கல் படியிலும் அப்படித்தான். காலை இழுத்துக்கொண்டதும் தரை பழையபடி மூடிக்கொண்டது. காலில் மட்டும் கருப்புக் களிமண் ஒட்டியிருந்தது. நெல் விளைந்து அறுத்த இடத்தில், நெல்லின் அடித்தாள் குத்தும் தரையில் மட்டும்தான் அவரால் எல்லோரையும் போல நிற்க முடிந்தது. நெருப்பெரிச்சலில் பனியன் கம்பெனிகள் இருந்தன, வரிசை வீடுகள் இருந்தன. நெல் விளையும் இடம் ஒன்றுகூட இல்லை.

இது 2004 தை மாதம் மன்னார்குடிப் பக்கத்தில் தொடங்கியது. மிஷின் ஆத்தப்பனுடையது. அவர் நெருப்பெரிச்சலில் நிட்டிங் கம்பெனியும், ஜெயபாண்டி குடியிருந்த வரிசை வீடுகளும் வைத்திருந்தவர். அந்த வாரம் காலம் தப்பி மேகம் கூடியது. பெரிய பண்ணைக்காரர்கள் எல்லா மிஷின்களையும் பிடித்துக்கொண்டார்கள். கணவனை இழந்த மயிலாள் என்ற பெண்ணுக்கு ஒரு மா நிலம், ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, இருந்தது. கதிர் முற்றித் தலை சாய்ந்திருந்தது, ஆனால் வயலில் ஈரம் வற்றவில்லை. “இத மட்டும் அறுத்துக் குடுத்துட்டுப் போங்க தம்பி” என்று அவள் வரப்பில் நின்று கேட்டாள். ஆத்தப்பன் போனில், “சேத்துல உட்டுறாதீங்க கண்ணு, வண்டி உக்காந்துக்கும்” என்றார். “சரிங்க மொதலாளி” என்று சொல்லிவிட்டு ஜெயபாண்டி வண்டியை அவள் வயலில்தான் இறக்கினார். வண்டி உட்கார்ந்துகொண்டது. அவரும், மிஷினை ஏற்றிவரும் லாரியின் டிரைவர் முனீஸும் பொழுது சாயும்வரை சேற்றில் நின்று பலகை கொடுத்து அதைக் கிளப்பினார்கள். மிஷின் திரும்ப முடியாத மூலைகளை ஜெயபாண்டி அரிவாளால் அறுத்துக் கொடுத்தார். கடைசி மூட்டை கரையேறியதும் மழை இறங்கியது. கூலியை அவர் வாங்கவில்லை. “இந்தக் கடன நான் எங்க வந்து தீக்குறது தம்பி?” என்றாள் மயிலாள். “ஒரு சொம்பு தண்ணி குடுங்கக்கா, போதும்” என்றார். குடித்தார், வாய்க்காலில் கால் கழுவினார். மறுநாள் காலை தஞ்சாவூர் சாலையில் டீ குடிக்க இறங்கியபோது முதல்முறையாகப் புதைந்தார்.

ஒரு மருத்துவர் காலைப் பார்த்துவிட்டுச் சேற்றுப்புண் மருந்து எழுதிக் கொடுத்தார். பூசாரி ஒருவர் எலுமிச்சம்பழம் கொடுத்தார். சாலை போட்டவர் தன் தாரைப் பற்றிப் பேச்சு வரும் என்று பயந்து, லாரியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொன்னார். “அண்ணே, ஒங்களுக்கு மட்டும் கவருமெண்டு தனி ரோடு போட்டுருக்கு” என்று முனீஸ் கேலி செய்தான். ஆனால் தினமும் அவர் காலில் காய்ந்த மண்ணைச் சுரண்டி எடுத்தவனும் அவன்தான். தை, மாசியில் தஞ்சாவூர்ப் பக்கம், பங்குனியில் நெல்லூர், பிறகு கர்நாடகத்துக் கங்காவதி, புரட்டாசியில் பாலக்காடு என்று லாரி மிஷினைச் சுமந்துகொண்டு போனது. பேச்சு புரியாத கடைகளில் முனீஸ் விரலைக் காட்டிக் கத்தரிக்காய் வாங்கினான். மண்ணெண்ணெய் அடுப்பில் சோறு ஆனது. அறுத்த வயலில்தான் ஜெயபாண்டி நடந்தார், படுத்தார், சாமி கும்பிட்டார். அடுத்த நெல் பழுக்கிற ஊர்தான் அவருக்குத் தரை என்று ஆகிவிட்டது.

இரண்டு பயணங்களுக்கு நடுவே லாரி நெருப்பெரிச்சல் வரும். சந்து முனையில் நிற்கும், அதற்குமேல் நுழையாது. மனைவி நதியா கம்பெனியில் ஓவர்லாக் தைத்துவிட்டு வந்து, தூக்குவாளியோடு மிஷினின் ஏணியில் ஏறுவாள். அபிராமி முன்னால் ஏறுவாள். மூவரும் டிரைவர் இருக்கையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அக்கம்பக்கத்தார் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு குழம்பு கொடுத்தனுப்பினார்கள். இப்படியே இரண்டு வருடம் குடும்பம் நடந்தது. 2006 ஆவணியில் ஊரெல்லாம் சிக்குன்குனியா வந்தது. நதியாவின் முழங்காலும் விரல்களும் பூட்டிக்கொண்டன. மற்றவர்கள் மெல்ல எழுந்துவிட்டார்கள். அவள் எழவில்லை. ஏணி ஏற அவளால் முடியாது, சந்துக்குள் நடக்க அவரால் முடியாது. நடுவில் பத்து வீடுகள் இருந்தன. அந்தத் தூரத்துக்குள் இருவரும் செல்போனில் பேசிக்கொண்டார்கள்.

“வலிக்குதா?”

“இல்ல.”

“பொய் சொல்லாத.”

“வலிக்குதுன்னு சொன்னா எறங்கியா வரப் போறீங்க?” என்றாள் நதியா.

அவர் இறங்கிப் பார்த்தார். நான்காவது வீட்டருகே இடுப்பளவு புதைந்தார். முனீஸ் கயிறு போட்டு இழுத்தான். வைக்கோல் பரப்பிப் பார்த்தார்கள், வைக்கோலோடு உள்ளே போனார். ஆத்தப்பன் மனம் இளகி, ஒரு டிராக்டர் வயல் மண்ணை வரவழைத்துக் கொட்டினார். அதிலும் புதைந்தார். அங்கேயே விளைந்து அங்கேயே அறுத்த இடமாக இருக்க வேண்டும் போலிருக்கிறது. மூன்றாம் நாள் லாரி பாலக்காடு கிளம்பியது. அவரால் செய்ய முடிந்தது ஹாரன் அடிப்பது மட்டும்தான். அடித்தார்.

ஐப்பசி மழையில் சந்து முனையிலிருந்து சிமெண்ட் விரிசல்களில் நெல் முளைத்தது. மிஷினிலிருந்து வருடக்கணக்கில் உதிர்ந்த மணிகளாக இருக்கலாம். அகலம் இரண்டு சாண்தான். அது பத்து வீடுகளையும் தாண்டி, நதியா வீட்டு வாசற்படி ஏறி, உள்ளே கட்டிலின் கால்வரை வந்து நின்றது. “ஏனுங்க நதியா, இது வாடகை ஊடுங்க, காடு இல்லீங்க” என்றார் ஆத்தப்பன். சுரண்டி எடுக்க ஆள் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆள் வரவில்லை. தண்ணீர் லாரி வரும் நாட்களில் அவர் கணக்கில் இரண்டு குடம் அதிகமாக வந்தது. ஷிப்டுக்குப் போனவர்கள் எல்லோரும் அந்தப் பயிரை மிதிக்காமல் ஓரமாக நடந்தார்கள்.

மாசியில் லாரி திரும்பியபோது கதிர் பழுத்திருந்தது. முனீஸ் அரிவாளோடு இறங்கினான். அரிவாள் தாளில் வழுக்கியது. கம்பெனியில் துணி வெட்டும் கத்தரியும் வழுக்கியது. ஆத்தப்பனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார், ஒரு தாள்கூட அறுபடவில்லை. மறுநாள் மாலை நெல்லூர் கிளம்ப வேண்டும். ஜெயபாண்டி மிஷின் மேலேயே உட்கார்ந்து, தன் வீடுவரை விளைந்து கிடந்த நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைமடை வயல்களுக்குக் காவிரித் தண்ணீர் வராமல் போனபிறகு, மயிலாள் பிழைக்க வந்த ஊரும் திருப்பூர்தான். ராயபுரத்தில் ஒரு கம்பெனியில் பனியனுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். நெருப்பெரிச்சலில் ஒரு மிஷின் டிரைவர் தரையில் புதைகிற கதையையும், அவர் வீட்டுவரை விளைந்த நெல் யார் அரிவாளுக்கும் அறுபடாத கதையையும் அன்று மதியச் சோற்று வேளையில்தான் கேட்டாள். கருப்புக் களிமண் என்றதும் கை நின்றது. அது யார் வயல் மண் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்தாள். வரிசையில் மற்ற வீடுகள் பூட்டிக் கிடந்தன. அபிராமி பள்ளிக்குப் போயிருந்தாள். முனீஸ் மிஷினுக்குப் பெல்ட் வாங்க டவுனுக்குப் போயிருந்தான். நதியா மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜெயபாண்டி முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு மிஷினில் படுத்திருந்தார். மயிலாள் யாரையும் எழுப்பவில்லை. சந்து முனையில் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குனிந்தாள். அவள் அரிவாளுக்குத் தாள் அறுபட்டது. பத்து வீடுகளையும் கடந்து, செருப்பை வாசலில் விட்டு உள்ளே போய், கட்டில் காலடியில் இருந்த கடைசிப் பிடியையும் அறுத்தாள். கதிரைக் கட்டி வாசலில் சாத்தி வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வெயில் முகத்துக்கு வந்ததும் ஜெயபாண்டி விழித்தார். கீழே தாள் வரிசை தெரிந்தது. ஏணியில் இறங்கி ஒரு காலை வைத்தார். தாள் குத்தியது. நடந்தார். கட்டிலருகே அவர் நிற்பதைக் கண் திறந்து பார்த்த நதியா ஆச்சரியப்படவில்லை.

“காலக் கழுவுனீங்களா?” என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். காலில் மண் இல்லை. அந்த இரண்டு சாண் அகலத்திலேயே குந்தி உட்கார்ந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார். மாலை லாரி நெல்லூருக்குக் கிளம்பியது.

அந்தத் தாள் பிறகு ஒவ்வொரு பருவமும் மறுபடி தழைத்துக் கதிர் விட்டது. லாரி வருகிற நாளில் அது அறுபட்டே இருந்தது. அறுப்பவரை யாரும் பார்த்ததில்லை, யாரும் மறைந்து நின்று பார்க்க முயன்றதும் இல்லை. ராயபுரம் கம்பெனியில் மட்டும் வருடத்தில் சில நாள், ஒரு பெண்ணுக்கு அரைநாள் விடுப்பு விழுந்தது.