முதல் மாடி ஏலம்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். அதனால் எங்கள் அறக்கட்டளையில் என்னை நன்கொடை கேட்க அனுப்ப மாட்டார்கள், குழந்தைகளிடம்தான் விடுவார்கள். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகள் தாயோடு தங்குவதற்காகக் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு விடுதி நடத்துகிறோம். பெரிய சிகிச்சைக்கு முன்னால் ஒவ்வொரு குழந்தையின் ஆசையையும் கேட்டு நிறைவேற்றுவது வழக்கம்.

தீபலட்சுமி கோவளம் குப்பத்துப் பெண், பதினோரு வயது. அவளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்ற நாள் குறித்தாயிற்று. தம்பியின் மஜ்ஜை பொருந்திவிட்டது. அவள்தான் மசியவில்லை. "நான் வர்ல" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள், சாப்பாட்டையும் பேச்சையும் நிறுத்திவிட்டாள். இனித் தள்ளிப்போட்டால் பிள்ளை பிழைக்க மாட்டாள் என்று டாக்டர் ஷீலா என்னிடம் சொன்னார்.

"உனக்கு என்னதான்டி வேணும்? சைக்கிளா, டேப்லெட்டா?" என்று கத்தினேன்.

"ஏலம் வுடணும்."

அவள் அம்மா எல்லம்மா கடற்கரையில் மீன் ஏலம் விடுபவள்.

"எங்கம்மா மாதிரி ஒரே ஒரு வாட்டி கூவணும். அப்பால எங்க கூட்டுகினு போனாலும் வரேன்."

காய்ச்சல் வந்தாலே ஆபத்து என்று பொத்திப் பொத்தி வைத்திருக்கும் குழந்தையைக் கடற்கரைக் கூட்டத்துக்கு அனுப்ப டாக்டர் சம்மதிக்கவில்லை. "அவ போகக் கூடாது, சரி. ஏலம் இங்கே வந்தா?" என்று நானும் விடவில்லை. கடைசியில் சிரித்துவிட்டார். அவள் முகக்கவசத்தோடு முதல் மாடி பால்கனியில். மீனும் கூட்டமும் கீழே. யாரும் படியேறக் கூடாது.

ஞாயிறு காலை குப்பத்துப் பெண்கள் 'குட்டியானை' சரக்கு வண்டியில் வந்து இறங்கினார்கள். வாசலில் தார்ப்பாயை விரித்து, சங்கரா மீனைக் கூறு கூறாகக் கொட்டினார்கள். தெரு முழுக்க வாடை. அடுத்த அபார்ட்மெண்ட் செயலாளர் மோகன்ராஜ் விறுவிறுவென்று வந்தார்.

"மேடம், இது ரெசிடென்ஷியல் ஏரியா!"

"அதோ மேல நிக்கறவளும் ரெசிடென்ட்தான் சார்."

நிமிர்ந்து பார்த்தார். முடியெல்லாம் கொட்டிய தலையோடு ஒரு சிறுமி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மனிதர் தார்ப்பாய்ப் பக்கம் குனிந்தார். பிறகு மெதுவாக, "சங்கரா ஃப்ரெஷ்ஷா?" என்றார்.

எல்லம்மா அவருக்கு விதியைச் சொன்னாள். "வாயத் தொறக்க வாணாம் சார். கையத் தூக்குனா வெல கேட்ட மாதிரி."

தீபலட்சுமி வாய் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள், குரல் பால்கனியைத் தாண்டவில்லை. கீழே எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றோம்.

எல்லம்மா மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கரையில் திட்டுவது போலவே திட்டினாள். "இன்னாடி மொணமொணன்னு? காக்கா கூடத் திரும்பிப் பாக்கல! வெயில் ஏறிக்கினு கீது, கூவுடி!"

அவ்வளவுதான். "ஐநூறு! ஐநூறு! யாரு கேக்குறது?" என்று கிளம்பியது பாருங்கள் ஒரு குரல்! தெருக்கோடியில் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். பெண்கள் கை தூக்கினார்கள், மோகன்ராஜும் தூக்கினார், விலை ஏறிக்கொண்டே போனது. எனக்குக் கண் கலங்கி ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

"கண்ணாடி அக்கா! ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!"

"ஐயையோ, நான் சைவம்டி!"

"கையத் தூக்குனா தூக்குனதுதான். பேச்சு மாறக் கூடாதுக்கா."

"அப்போ நீயும் மாறக் கூடாது."

கம்பிமேல் சாய்ந்து என்னை எட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ஆஸ்பத்திரிக்கு நாளைக்கு எத்தினி மணிக்கு வண்டி?"

அன்று விடுதியில் மீன் குழம்பு மணத்தது. நான் தயிர்சாதத்தோடு ஓர் ஓரமாக உட்கார்ந்து, எல்லோரையும் விடச் சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.

மஜ்ஜை மாற்ற ஆஸ்பத்திரியில் தனியாக வைத்திருந்த கண்ணாடி அறைக்குள் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆனால் பேச்சு மாறவில்லை. தம்பியின் மஜ்ஜை அவள் உடம்பில் பிடித்துக்கொண்டது. பிழைத்துவிட்டாள்.

டாக்டர் இனிப் பயமில்லை என்று சொன்ன பிறகு, கோவளத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. போனேன். சுருட்டை முடியோடு மீன் பெட்டிமேல் ஏறி நின்று, அலைச் சத்தத்தை மீறிக் கூவிக்கொண்டிருந்தாள் தீபலட்சுமி.

நான் இரண்டு கைகளையும் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றேன். கண்ணில் வழிந்ததைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.