குறைச்சீட்டு

...இல்லை, இது வேறு யாருடைய முடிச்சாகவும் இருக்க முடியாது, அரை ஃபிரேம் கண்ணாடியில் லென்ஸ் விழாமல் பிடித்துக்கொள்ளப் போடுகிற நைலான் நூலை எடுத்துக் கம்ப்யூட்டர் போர்டின் அடிப்பக்கம் ஒயர் கட்ட யாருக்குத் தோன்றும், பதினெட்டு வருடமாகக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவளைத் தவிர, அதுவும் இரண்டு சுற்றுச் சுற்றி, மூன்றாவதை உள்ளே விட்டு இழுத்து, முனையை நெருப்பில் காட்டி உருட்டிவிட்டு... போர்டை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள். மூன்று நீல ஒயர்கள். ஈயம் வைத்த இடங்கள் கொஞ்சம் அதிகமாகவே புடைத்திருந்தன, அப்போது அவளுக்கு அளவு தெரியாது, ஈயத்தை வாரி வழங்கியிருந்தாள். கையெழுத்தைக்கூட ஒருவர் மாற்றி எழுதலாம், இதை எப்படி மாற்றுவது. அவளுடைய மெஷின்தான் இது, அவளுடைய மெஷினின் குடல்தான் இப்படிச் சாப்பாட்டு மேஜையில் ஒரு பூத்துண்டின் மேல் கிடக்கிறது, உடம்பு எங்கே என்று தெரியவில்லை.

பூத்துண்டு டிரைவருடையது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், பழைய கம்ப்யூட்டர்களைத் தேடிப்பிடித்துச் சரி செய்கிறவர்களின் குழுவில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது, லீவு நாளாகப் பார்த்துக் காலையில் வந்து நின்றார், “படமே வர மாட்டேங்குது மேடம், கொஞ்சம் என்னன்னு பாருங்க” என்று குழந்தையை டாக்டரிடம் நீட்டுவது போல நீட்டினார். யார் கொடுத்தது என்று பேச்சுக்குத்தான் கேட்டாள். “புளோப்பி சார்தான் மேடம், மூணு மாசம் ஆச்சு. போர்டு மட்டும்தான் இருந்துச்சு. மத்ததெல்லாம் முன்னாடியே ஆளுக்கொண்ணா போயிடுச்சாம்.” ஆளுக்கொன்றாக. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் மனிதர், டீயையும் ஒரு வாய் குடித்துக்கொண்டு. பொருளோடு வர வேண்டிய குறைச்சீட்டு எங்கே என்று கேட்டதற்கு, ஐயோ அது வண்டியிலேயே இருக்கு, எடுத்துட்டு வரேன் என்று இறங்கிப் போயிருக்கிறார், மூன்று மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை, முழங்கால் வலிக்காரர், மெதுவாகத்தான் வருவார், வரட்டும், மெதுவாகவே வரட்டும், இந்த முகத்தை ஒரு அந்நிய மனிதர் பார்க்க வேண்டாம்.

புளோப்பி. அவன் பெயர் என்னவென்று குழுவில் பாதிப் பேருக்குத் தெரியாது, பேங்க் மெஷின்களில் பணம் சிக்கிக்கொண்டால் போய்ச் சரி செய்கிற வேலை, டிபன் பாக்ஸில் சாப்பாட்டுக்குப் பதிலாகப் பழைய புளோப்பி டிஸ்க்குகளை அடுக்கிக்கொண்டு வருவான், அதனால் அப்படிப் பெயர். அக்கா அக்கா என்று வாய் ஓயாது. கூடப் பிறந்தவன் ஒருவன் இருக்கிறான் அவளுக்கு, வருடத்துக்கு ஒரு போன், அதுவும் மைத்துனி ஞாபகப்படுத்தினால்தான், இவன் அப்படியில்லை, அவளுடைய இருமலைக் கேட்டுவிட்டு “ஈயப் புகையை உறிஞ்சிட்டே வேலை செய்யாதீங்கக்கா” என்று சின்ன ஃபேன் ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனவன். அந்த ஃபேன் இதோ இப்போதும் மேஜை ஓரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அணைத்தாள். அணைத்த பிறகு புழுங்கியது, மறுபடி போட்டாள், ஃபேன் என்ன பாவம் செய்தது.

இந்த மெஷினுக்கு என்ன பாடு பட்டாள் என்று அவனுக்குத் தெரியாதா. கடை கைமாறிய வருடம் அது, புது முதலாளி வந்ததும் கவுன்டரில் சின்ன வயசு முகம் வேண்டும் என்று அவளைப் பின்பக்கம் தேய்ப்பு அறைக்கு அனுப்பிவிட்டார், பதவி உயர்வு மாதிரி வேறு சொன்னார், வீட்டில் வந்து சொன்னால் கணவர் பேப்பரை மடிக்காமலேயே நல்லதுதானே, நிற்க வேண்டாமே என்றார், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அப்போது பழைய இரும்புக் கடையில் தலைகுப்புறக் கிடந்தது இது. இரண்டு வருடம். உள்ளே பேட்டரி கக்கி வைத்த பச்சைக் கறையை வினிகர் தொட்டுத் தொட்டுப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள், போர்டில் அறுந்த செம்புக் கோடுகளுக்குப் பதிலாக ஒயர் போட்டாள், மஞ்சளாகிப்போன மூடியை வெளுக்கத் தலைமுடிக்குப் போடுகிற க்ரீம் வேண்டும் என்று அழகுப்பொருள் கடைக்குப் போய் நான்கு பாட்டில் கேட்டால், அந்தப் பெண் அவள் தலையையே பார்த்துக்கொண்டு “மொத்த முடிக்குமா?” என்றாள், ஆமாம், கீபோர்டுக்கும் சேர்த்து என்று சொல்லிவிட்டு வந்தாள். கடைசியில் ஒரு சாயங்காலம் திரை நீலமாக எரிந்து, ஓரத்தில் சின்னச் சதுரம் மினுக் மினுக் என்று அடித்தபோது, வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள், அவள் கூப்பிட்டது புளோப்பியை. குளித்த தலை ஈரம்கூடக் காயாமல் ஸ்கூட்டரில் வந்தான். வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தச் சதுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், அவளும் பார்த்தாள், அழுதாள் என்றுகூடச் சொல்லலாம், அவன் பார்க்காத மாதிரி இருந்தான்.

அப்படிப்பட்டவன்... மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து கட்டில் மெஷின் இருந்த அறைக்கு வந்தபோது அவள் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை, நியாயம்தானே, கட்டிலைக் கூடத்திலா போட முடியும். இரும்புக் கடைக்கே திரும்பக் கொடுத்துவிடு என்றார் கணவர்.  புளோப்பிதான் வந்தான், “என்கிட்ட இடம் இருக்குக்கா, நான் வெச்சுக்கறேன். உங்க பொருளை நான் பிரிக்கவே மாட்டேன், போதுமா?” என்றான். போதும் என்றாள். பதிலுக்கு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை, சீட்டு மட்டும் எழுதிக் கொடுத்தாள், அது குழுவின் முறை, யார் யாருக்கு எதை மாற்றிக்கொண்டாலும் கொடுக்கிறவர் கைப்பட அதன் குறைகளை எழுதிக் கொடுக்க வேண்டும், சீட்டு இல்லாமல் ஒரு ஸ்குரூகூடக் கைமாறாது. கீபோர்டில் ஸ்பேஸ் பார் அழுத்தினால் சிக்கும், மூடி மறுபடி மஞ்சளாகலாம், ஃபேன் சத்தம் போடும், மூன்று குறை, நல்ல பேனாவில், அழகாக எழுதினாள். அன்று ராத்திரியே படம் அனுப்பினான், திரையில் ஆங்கில எழுத்தில் ‘அக்கா நலமா’ என்று அடித்து. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அதே தேதியில் ஒரு படம், அதே நீலம், அதே அக்கா நலமா. போன மாதம்கூட வந்ததே. இந்தப் போர்டு டிரைவர் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் கழித்து. அப்படியென்றால் எந்தத் திரையைப் படம் பிடித்தான், யார் வீட்டு மெஷின் அது, ஒவ்வொரு வருடமும் காலண்டரைப் பார்த்து, வேறு ஏதோ ஒரு மெஷினைப் போட்டு, உட்கார்ந்து அக்கா நலமா என்று அடித்து... சே. நல்லா இருக்கேன் தம்பி, அவளும் நல்லா இருக்காளா என்று அவள் பதில் போட்டிருக்கிறாள், மெஷினை அவள் என்றே சொல்லி. படித்துவிட்டுச் சிரித்திருப்பான். காதில் பூ சுற்றுவதென்றால் இப்படியா, வருடத்துக்கு ஒரு முழம் அளந்தா சுற்றுவது. இப்போது நினைத்தால் எந்தப் படத்திலும் கீபோர்டு இல்லை, வெறும் திரை, வெறும் திரையைக் காட்டியே ஓட்டியிருக்கிறான். கீபோர்டு யாரிடம் போயிற்றோ. மூடியைக் குப்பையில் போட்டிருப்பானோ.

போனை எடுத்தாள். பிழை இருந்தால் என்ன, பிழையோடு போகட்டும். என் மெஷினை ஆளுக்கொண்ணா பிரிச்சுக் கொடுத்துட்டு எனக்கு போட்டோ அனுப்பிட்டு இருந்திருக்கே. நீயும் இப்படியா. நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டே தம்பி. தம்பி என்பதை எடுத்துவிடலாமா என்று யோசித்தாள், எடுக்கவில்லை, அது இருந்தால்தான் உறைக்கும். அனுப்பினாள். இரண்டு கோடு விழுந்தது, நீலமாக மாறியது, பார்த்துவிட்டான், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்கிறேன், குழுவில் இருக்கிற பல் டாக்டரைக் கேட்டது போல. பாவம் பல் டாக்டர், போன வருடம் கைமாற்றிய மெஷினின் பவர் பெட்டியைச் சரி செய்துவிட்டுச் சீட்டில் எழுதாமல் விட்டார், “அதான் சரி பண்ணிட்டேனே, அப்புறம் எதுக்கும்மா எழுதணும்?” என்றார், “பல்லை அடைச்சதை நீங்க கார்டுல எழுதறதில்லையா டாக்டர்? சரி பண்ணினதையும் எழுதணும்” என்றாள், மொத்தக் கூட்டமும் சிரித்தது, மனிதர் இரண்டு மாதம் தலைகாட்டவில்லை. அதிகம் சிரித்தது புளோப்பி. இல்லை... அவன் சிரித்தானா? அன்று அவன் ஜன்னல் ஓரம் நின்றிருந்தான், அவளையே பார்த்துக்கொண்டு.

டிரைவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். “சீட்டுக்கு அடியில வெச்சிருந்தேன் மேடம், வண்டி சீட்டுக்கு” என்று நாலாக மடித்த தாளை நீட்டினார். புளோப்பியின் எழுத்து, எறும்பு ஊர்வது போல. பேட்டரி கசிந்து கோடுகள் அரித்துள்ளன. அடியில் மூன்று ஒயர் போடப்பட்டுள்ளது. பெரிய சிப்பின் சாக்கெட்டுக்குக் கீழே அரிப்பு இன்னும் ஓடுகிறது, கழற்றிப் பார்த்தேன். என் கைக்கு வரும்போதே இருந்தது. ஒன்பது மாதம் ஓடி நின்றுவிட்டது. அதற்கும் கீழே, இதற்கு முன் வைத்திருந்தவர் என்ற இடத்தில், பெயர் இல்லை. வேண்டியவர் என்று எழுதியிருந்தான்.

மடித்தாள், பிரித்தாள், மறுபடி படித்தாள். வரும்போதே இருந்தது... ஆமாம், இருந்தது, இருந்ததுதான், பேட்டரி கசிவைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று குழுவில் சேர்ந்த முதல் நாளே யாரும் கற்றுக்கொள்வார்கள், துடைத்தாலும் அது உள்ளே உள்ளே தின்றுகொண்டே போகும், கரையான் மாதிரி. தெரியும். சாக்கெட்டுக்கு அடியில் பச்சை தெரிந்தது அவளுக்கு, லென்ஸில் மயிரிழைக் கீறல் பார்க்கிற கண், தெரியாமல் இருக்குமா, கழற்றினால் எங்கே திரும்ப ஓடாதோ என்று விட்டுவிட்டாள். சீட்டில் எழுதினால் அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? கட்டில் மறுநாள் வருகிறது. அதுதான், அவ்வளவுதான். அதற்காக அவன் பொய் சொல்லலாமா, வருடக் கணக்காக, அவள் எழுதாமல்தானே விட்டாள், பொய் என்று ஒன்றும்... போன். போன் செய்தானே. எப்போது, அடுத்த மழைக் காலத்தில், தேய்ப்பு அறையில் சத்தம், காதைப் பொத்திக்கொண்டு பேசினாள், “அக்கா, பேட்டரி பக்கம் ஏதாவது வேலை பார்த்தீங்களா?” என்றான், “இல்லையே தம்பி, ஏன்?” என்றாள், “சும்மாதான்க்கா” என்று வைத்துவிட்டான். ஒன்பது மாதம். போர்டைத் திருப்பி வைத்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறான். இந்த நூல் முடிச்சைக் கண்ணுக்கு எதிரே வைத்துக்கொண்டு, அவனுக்கு அது யார் முடிச்சென்று சொல்ல வேண்டுமா, இல்லையே தம்பி என்று அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

“யாரு கட்டினது மேடம் இது? நூலு நல்லா கெட்டியா இருக்கு” என்று டிரைவர் குனிந்து பார்த்தார். போன் அதிர்ந்தது. தப்புதான்க்கா. சொல்லியிருக்கணும். மன்னிச்சிருங்க. அவ்வளவுதான். அடுத்த வரி வரும் என்று திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள், வரட்டும், நீங்க மட்டும் என்ன சொன்னீங்க என்று ஒரே ஒரு வரி, வந்தால் பிடித்துக்கொள்ளலாம், சண்டை போடலாம், அழலாம், அந்த மழைக் காலத்துப் போனைப் பற்றிப் பேசலாம். எழுதுகிறான் என்று காட்டியது, நின்றது. மறுபடி காட்டியது, நின்றது. வரவில்லை. டிரைவர் வேறு பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார். “யாரோ... அவசரத்துல கட்டியிருக்காங்க” என்றாள் அவள், அவரைப் பார்க்காமல், கட்டைவிரல் அதுபாட்டுக்கு அடித்தது, சரி, விடு தம்பி. அனுப்பிவிட்டது. அனுப்பிய பிறகு நெஞ்சுக்குள் லேசாகக்கூட இருந்தது, தாராள மனசோடு ஒருவரை மன்னித்துவிட்டால் இருக்குமே, அப்படி.

உடனே பதில் வந்தது. ரொம்ப தேங்க்ஸ்க்கா. இரண்டு முறை படித்தாள். மனசாரச் சொல்கிறானா, இல்லை இவள் இன்னும் எவ்வளவு தூரம்தான் போவாள் என்று பார்க்கிறானா... அதை இனி அவனிடம் கேட்கவே முடியாது.