மூடி கட்டிய சட்டி

ஆம்பூர்ப் பெண்கள் பள்ளியில் தனகோடி டீச்சர். அவள் புருஷன் பெருமாள் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. கல்யாணமாகி எட்டு மாசம். அது 1932.

ஒரு நாள் சாப்பிடும்போது அவள் பரிணாமத்தைப் பற்றிச் சொன்னாள். மீனும் பறவையும் மனுஷனும் ஆதியில் ஒரே உயிரிலிருந்து கொஞ்சங் கொஞ்சமாக மாறி வந்தவை என்றாள்.

பெருமாள் சிரித்தான். "அந்த மொத உசுரு தோல்ல புழு வர்ற மாதிரி தானா வந்துச்சா?"

"தோல்ல புழு தானா வர்றதில்லீங்க. ஈ முட்டை போடுது."

"பதினஞ்சு வருசமா பாக்குறேன். உப்பு போடாத தோலை மூணு நாள் வெச்சா தானா நெளியும்."

"வெச்சே பாத்துடலாமா?"

மறுநாளே இரண்டு சட்டிகளில் உப்பு போடாத பச்சைத் தோல் துண்டுகளைப் போட்டு, கொல்லைப்புற வேலியோரம் வைத்தான். ஒன்றின் வாயை மல்துணியால் இறுகக் கட்டினான். நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டு நசீமுன்னிசா சண்டைக்கு வந்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் அவளும் தினம் வந்து எட்டிப் பார்த்தாள்.

திறந்திருந்த சட்டியில் நாலாம் நாள் புழு நெளிந்தது. கட்டிய சட்டியில் ஒரு புழுகூட இல்லை. துணியின் மேல் மட்டும் வெள்ளையாக, பொடிப்பொடியாக ஈ முட்டைகள்.

"அடேயப்பா! நான் தோத்துட்டேன்!" என்று பெருமாள் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. எல்லோருக்கும் அவனே விளக்கினான். பிறகு சட்டென்று நிறுத்தி, தனகோடி பக்கம் திரும்பினான்.

"சரி, புழு ஈயிலேர்ந்து வந்துச்சு. ஈ அதுக்கு முந்தின எதுலேர்ந்தோ மாறி வந்துச்சு. அப்ப எல்லாத்துக்கும் மொதல்ல இருந்தது? அதுக்கு யாரு முட்டை போட்டாங்க?"

தனகோடி சிரித்தாள். "உசுரு வந்தப்புறம் எப்படி மாறுச்சுன்னுதான் பரிணாமம் சொல்லுது. மொத உசுரு எப்படி வந்துச்சுன்றது வேற கேள்வி. எனக்குத் தெரியாதுங்க. இன்னும் யாருக்குமே சரியா தெரியாது."

"யாருக்குமேவா?" அவன் முகம் மலர்ந்தது. "அப்ப நாமளும் தேடலாமே!"

உயிர் முதலில் தண்ணீரில் தோன்றியிருக்கலாம் என்று தனகோடி சொல்ல, ஞாயிற்றுக்கிழமை பள்ளியின் பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு பாலாற்றுக்குப் போனார்கள். மணல் குழியொன்றில் பாசி பிடித்த தண்ணீர் வெயிலில் வெதுவெதுப்பாக நின்றது. பெருமாள் குப்புறப் படுத்துக் கண்ணாடியை நீட்டினான்.

"இன்னாடி இது! குட்டிக்கரணம் போடுது! வந்து பாரு, சீக்கிரம்!"

புடவை நனைவதைப் பார்க்காமல் தனகோடியும் அவன் பக்கத்தில் மணலில் படுத்துக்கொண்டாள்.