மீனுக்கு நல்ல தண்ணீர்

ஊரே பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தது. பழவேற்காட்டு டச்சுக் கோட்டைத் துரைக்கோ, உப்புநீர்த் தொட்டியில் வளர்த்த ஏரிமீன்கள் சுவரில் உடம்பைத் தேய்க்கின்றனவே என்று கவலை. பசியாவரத்து மீனவன் சகாதேவனை இழுத்துவந்தார்கள். அவன் ஒரு மீனின் செவுளைத் திறந்து பார்த்தான். மீன்பேன் அப்பியிருந்தது.

"நல்ல தண்ணில கொஞ்ச நேரம் வுட்டா பேன் வுழுந்துடும்," என்றான்.

"எத்தினி நாளு?" என்றான் துரைக்கு மொழிபெயர்க்கும் துபாஷி.

ஒருமுறை போதும். ஆனால் கூலி, நாளுக்கு ஒரு படி அரிசி.

"மூணு நாளு."

முதல் நாளே பேன் உதிர்ந்தது. இரண்டாம் நாள்தான் தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று பார்த்தான். கப்பலேற்ற அடைத்துவைத்திருந்த அடிமைகளின் குடிதண்ணீர் அது. கம்பிக்குப் பின்னால், உதடு வெடித்த காட்டூர்க்காரி மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள்.

"மீனுக்குத் தேவலையா நைனா?"

துபாஷி பக்கத்தில் நின்றான். உண்மையைச் சொன்னால் அரிசியும் போகும், முதுகுத் தோலும் உரியும்.

"இல்ல. நாளைக்கும் தண்ணி வோணும்," என்றான் சகாதேவன்.

மூன்றாம் நாள் அவள் மடியில் பிள்ளை இல்லை. சகாதேவன் குணமான மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து நல்ல தண்ணீரில் விட்டான்.