அலமுவின் வலது கை

"சொல்லு! நீ யாரு? இவள எங்க புடிச்ச?"

பூசாரி மயில்வாகனம் வேப்பிலைக் கொத்தை ஓங்கி அலமுவின் வலது கையில் அடித்தான். விரல்கள் பிரியவில்லை. நகம் உள்ளங்கையில் பதிந்து ரத்தம் கசிந்தது. தறிக்கு அந்தப் பக்கம் புதுச் சட்டையும் டிரான்சிஸ்டருமாக உட்கார்ந்திருந்தான் கோதண்டபாணி. அவளுடைய தாய்மாமன், வைகாசியில் அவளுக்குத் தாலி கட்டப்போகிறவன்.

அவன் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் போதும், தறியில் சேலைக் கரைக்கு நூல் நாடா வீசிக்கொண்டிருக்கும் அந்தக் கை அப்படியே இறுகிப்போகும். அவன் கிளம்பிய பிறகுதான் பிரியும். எலும்பும் நரம்பும் நன்றாக இருக்கின்றன என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியானால் காத்து கருப்புதான் என்று வீடே முடிவு கட்டியது. பெண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லையோ என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. முறைமாமனைப் பிடிக்குமா பிடிக்காதா என்று எந்த வீட்டில் கேட்டிருக்கிறார்கள்?

அம்மா ஜெயம்மாளுக்கு மட்டும் காரணம் தெரியும். அலமுவுக்குப் பன்னிரண்டு வயதில், தாமல் ஏரிக்கரைத் திருவிழாவில், இதே கையைப் பின்னால் முறுக்கி, "நான்தான் ஒன் புருசன்னு சொல்லு" என்றான் ஜெயம்மாளின் இந்த அருமைத் தம்பி. குழந்தை அலறிக்கொண்டே சொன்னது. சுற்றி நின்ற சொந்தமெல்லாம் மாமன் விளையாட்டு என்று சிரித்தது. ஜெயம்மாளும் சிரித்தாள். அதை நினைத்தால் தன் வாயிலேயே அறைந்துகொள்ளலாம்போல் வருகிறது.

ஜெயம்மாளையும் அவளுடைய தாய்மாமன் ஆதிகேசவனுக்குத்தான் பிடித்துக் கொடுத்தார்கள். இருபது வருஷமாக, அவர் பாயருகே வந்தாலே தாடை பூட்டிக்கொள்ளும். கடைவாய்ப் பல் இரண்டு அப்படியே விண்டுபோயின. நேற்றுக்கூட, "இந்தக் கல்யாணம் வேணாங்க" என்று சொல்லிப் பார்த்தாள். அவர் தறியிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"வேப்பிலைக்கு மசியல. சூடத்த வெச்சாதான் கை பிரியும்" என்று மயில்வாகனம் கற்பூரத்தைக் கொளுத்தினான்.

"நிறுத்துடா!"

ஜெயம்மாள் நடுவில் வந்து நின்றாள். உடம்பெல்லாம் ஆடியது, கோபம்தான், வேறொன்றும் இல்லை. கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்தது. பூசாரி ஓரடி பின்வாங்கினான்.

"தாவிடுச்சு! பொண்ண வுட்டுட்டு ஆத்தா மேல வந்துடுச்சு!"

அடுத்த நொடி ஆதிகேசவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி நின்றார். "தாயே, ஒனக்கு இன்னா வேணும்? கேளு, செய்யறோம்."

ஜெயம்மாளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இருபது வருஷத்தில் இந்த மனுஷன் அவளைக் கேட்காத கேள்வி. பேய்க்குக் கிடைக்கிற மரியாதையில் கால்வாசி பெண்டாட்டிக்குக் கிடைத்திருந்தால்! நான் பேயில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் கற்பூரம் மகள் கைக்குப் போகும். விழுங்கிக்கொண்டாள்.

"இந்தக் கல்யாணம் நிக்கணும். அவன எழுந்து போவச் சொல்லு. இனிமே இந்த வாசப்படிய மிதிக்கக்கூடாது."

"ஆவட்டும் தாயே."

கோதண்டபாணி, "அக்கா..." என்று ஆரம்பித்தான். அவள் பார்த்த பார்வையில் டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு நழுவினான். அலமு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

பூசாரி குரலைத் தாழ்த்தினான். "கேட்டது கெடச்சிடுச்சே தாயே. இந்தம்மாவ வுட்டு எப்ப போவப்போற?"

"போவமாட்டேன்."

"ஏன் தாயே?"

"நான் போயிட்டா, இந்த வூட்ல இவ சொல்றத யாரு கேப்பாங்க?"